நிலத்தடியில் உள்ளதும் கணக்கில் ஏறுவதும்



ஒரு நாட்டில் இத்தனை தொன் யுரேனியம் உண்டென்று அறிக்கை கூறும்போது, பத்தாயத்து நெல்லை அளந்த கணக்கென்றே பலரும் அதனைக் கொள்கின்றனர். அகழ்ந்துகொண்டிருக்கையிலேயே பெருகக்கூடிய கணக்கு அது! சட்டம் பயின்ற நமக்கு இதில் வியப்பில்லை. நிகழ்ந்தது வேறு, நிரூபிக்கப்பட்டது வேறு. அறியப்பட்ட வளம் என்பது நிரூபிக்கப்பட்டது மாத்திரமே.

அவுஸ்திரேலியாவை எடுத்துக்கொள்வோம். 1948 இல் யுரேனியம் கண்டறிவோருக்குப் பரிசளிப்பதாக அந்நாட்டு அரசாங்கம் அறிவித்தது. மறு ஆண்டே வட பிரதேசத்து றம் ஜங்கிளில் ஜாக் வைற் என்பவர் அதனைக் கண்டார். 25,000 பவுண் பெற்றார். (பரிசென்றதும் பாறைகளும் வாய் திறக்கும் போலும்!) பின்னர் வாங்குவோர் குறைந்தனர், தேடுவோரும் குறைந்தனர். 1967 இல் ஏற்றுமதிக் கட்டுப்பாடு தளர்ந்தது. 1969 இல் றேஞ்சர், 1970 இல் நபார்லெக், 1971 இல் ஜபிலுக்கா எனப் படிவுகள் அடுத்தடுத்து வெளிப்பட்டன. அச்சில ஆண்டுகளில் பூமி புதிதாக எதனையும் ஈன்றுவிடவில்லை. தேடுவதற்குக் காரணம் பிறந்தது, அவ்வளவே. 1975 இல் ஒலிம்பிக் டாமில் செம்பு தேடித் துளையிட்டோர், மேலே அடையாளம் ஏதுமின்றி ஆழத்தில் புதைந்திருந்த, உலகின் மிகப் பெரிய யுரேனியப் படிவில் போய் முட்டினர். இன்று உலகின் அறியப்பட்ட யுரேனியத்தில் நான்கிலொரு பங்குக்கு மேல் அந்நாட்டினுடையது.

விலைக்கும் இதிற் பங்குண்டு. கிலோகிராம் ஒன்றை 130 டொலருக்குள் எடுக்கலாமா என்பது சர்வதேசக் கணக்கின் அளவுகோல்களுள் ஒன்று. அகழும் செலவு ஏறினால், அசையாது கிடக்கும் படிவும் அந்த வரம்பைத் தாண்டிப்போகும். தொழில்முறை திருந்தினால் திரும்பிவரும்.

கணக்கு வளர்ந்தது, அந்நிலத்து ஆதிக்குடிகளின் உரிமையும் உடன் வளர்ந்ததா? நாம் கேட்கவேண்டியது இதனையே. வட பிரதேச ஆதிக்குடிகளுக்கு 1976 ஆம் ஆண்டு நிலவுரிமைச் சட்டம், தம் நிலத்திற் சுரங்கம் வேண்டாமென மறுக்கும் அதிகாரத்தை வழங்கியது. ஆனால், அதே சட்டம் றேஞ்சருக்கு மட்டும் விலக்களித்தது! ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறிக்கும் இவ்வித வாசகங்களை நாம் அறியாதவர்களல்லர்.

அந்நிலத்துக்குரிய மிறார் மக்கள் சோர்ந்துவிடவில்லை. 1998 இல் ஜபிலுக்காவில் சுரங்கப்பாதை தோண்டத் தொடங்கியபோது ஆயிரக்கணக்கானோர் அவர்களோடு நின்று மறியல் செய்தனர். தோண்டிய பாதை 2003 இல் மீண்டும் நிரப்பப்பட்டது. மிறார் மக்களின் சம்மதமின்றி அங்கு சுரங்கமில்லை என்று 2005 இல் உடன்படிக்கை எழுதப்பட்டது. 2024 யூலையில் வட பிரதேச அரசாங்கம் குத்தகையைப் புதுப்பிக்க மறுத்தது.