வெயில் ஒவ்வாத தோல்



ஒருவர் முகத்தில் தடிப்பொன்றைக் கண்டவுடன் அதற்குப் பெயர் சூட்டிவிடும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. ஒருவர் தேமல் என்பார்; மற்றொருவர் தொழுநோய் என்பார்; மூன்றாமவர் சற்றுத் தள்ளி அமரச் சொல்வார். விலக்கி வைக்கப்படுவதன் வலியைப் பிறர் சொல்லிக் கேட்டு அறிய வேண்டியவர்கள் அல்லர் நாம். ஆதலின் அரிய நோய் ஒன்றைக் குறித்துச் சிறிது கூற விரும்புகிறோம்.

ஜெஸ்னர் நோய் என்பது அதன் பெயர். 1953ஆம் ஆண்டில் மாக்ஸ் ஜெஸ்னர், நார்மன் கேனாஃப் என்னும் மருத்துவர் இருவர் இதனை விவரித்தனர். ஜெஸ்னர் ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரில் தோல் மருத்துவப் பேராசிரியராக இருந்தவர். யூதராகப் பிறந்தமையால் நாஜி ஆட்சியில் பதவி இழந்து அமெரிக்கா சென்றவர். அவர் கற்ற கல்வியை எவராலும் பறிக்க இயலவில்லை.

லிம்போசைட் எனப்படும் வெள்ளணுக்கள் தோலின் உள்ளடுக்கில் கூட்டமாகச் சேர்வதால் முகம், கழுத்து, மேல்முதுகு ஆகிய இடங்களில் வழவழப்பான செந்தடிப்புகள் எழுகின்றன. நம் கருநிறத் தோலில் அச்செம்மை எளிதில் புலப்படாது. சிலருக்கு வெயில் பட்டால் மிகும். வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ இருந்து தழும்பின்றி மறையும், மீண்டும் வரலாம். இது தொற்றாது, புற்றுநோயும் அன்று. தொழுநோய்ப் படையில் உணர்ச்சி குன்றும், இதில் குன்றாது. (தொழுநோயும் இன்று மருந்தால் குணமாவதே, அதன்பொருட்டும் எவரையும் ஒதுக்க நியாயமில்லை.)

லூபஸ் என்னும் நோயும் வெயிலில் இவ்வாறே தோன்றக்கூடும். அதில் ஒருவகை சிறுநீரகத்தையும் தாக்கும். ஆகவே அரசு மருத்துவமனைத் தோல் பிரிவில் தோல் துணுக்கையும் இரத்தத்தையும் சோதித்தே முடிவு செய்ய வேண்டும். கடையில் தாமே கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு நாளடைவில் முகத்தோலை மெலியச் செய்துவிடும்.

வெயிலைத் தவிர்க்குமாறு மருத்துவர் எளிதில் கூறிவிடுவார். நாற்று நடும் தாய் எங்ஙனம் தவிர்ப்பார்? சேலையின்மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை அணிந்து வயலுக்குச் செல்லும் வழக்கம் நம் பெண்களிடம் முன்பே உண்டு; அது நல்ல காப்பு. அகன்ற விளிம்புள்ள தொப்பியும் சேர்ந்தால் முகமும் கழுத்தும் தப்பும். காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை கதிர் கடுமையானது. அதன் ஒரு பகுதி மேகத்தையும் கண்ணாடியையும் ஊடுருவும். பள்ளியில் அத்தகைய பிள்ளை இருப்பின் காலை வழிபாட்டில் நிழலில் நிற்கட்டும். காரணம் கேட்டு வகுப்பின் முன் நிறுத்த வேண்டியதில்லை. கூலி வேலை செய்வோர் மருத்துவர் தரும் சீட்டை மேஸ்திரியிடம் காட்டி நிழல் வேலை கேட்கலாம். அப்போது படித்த இளைஞர் ஒருவர் உடன் சென்று பேசுவது நலம்.