படம் இல்லாத புஸ்தகம்

(திருச்சியில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய வாசகர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமாக என்னைப் பேசக் கூப்பிடுகிறவர்கள் ஏதாவது ஒரு ஊரில் ஏதாவது ஒன்று நடந்த பிறகுதான் கூப்பிடுவார்கள். தீ வைத்திருப்பார்கள், பாதையை அடைத்திருப்பார்கள், பிணத்தைக் கொண்டுபோக விட்டிருக்க மாட்டார்கள். அதைப் பற்றிப் பேசிப் பேசி வாய் பழகிவிட்டது. இந்தத் தடவை, "வாசிப்பு மேலயும் எழுத்து மேலயும் உங்களுக்கு எப்படி ஆசை வந்துச்சு, அதச் சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆசையைப் பற்றிப் பேசச் சொன்னால் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஏன் கூச்சம்? நம்ம தெருவில் 'படிப்பு' என்றால் எல்லோருக்கும் தெரியும். பரீட்சை, சர்ட்டிபிகேட், வேலை. அதற்காக நகையை, இருந்தால், அடகு வைப்பார்கள். ஆனால் பரீட்சைக்கு உதவாத ஒரு புத்தகத்தை ஒருத்தன் சாயங்காலம் பூராவும் மடியில் வைத்துக்கொண்டிருந்தால், "என்னடா, உனக்கு வேற வேலை இல்லையா?" என்பார்கள். இயக்கத்துக்கு வந்த பிறகும் அதே கேள்விதான். "போஸ்டர் ஒட்ட ஆள் இல்ல, நீ நாவல் படிச்சுக்கிட்டு இருக்க." ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நான் படித்தேன். சந்தோஷமாக இருந்தது, அதனால் படித்தேன். இதை ஒரு மேடையில் சொல்ல எனக்கு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

எங்க அம்மா பாலக்கரைப் பக்கம் ஒரு பழைய பேப்பர் கடையில் வேலை பார்த்தார். அப்பா காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் காகிதம் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பார்த்தே இது நியூஸ் பேப்பர், இது நோட்டுப் பேப்பர், இது புஸ்தகம் என்று பிரித்துப் போடுவார். ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. எல்லாம் கட்டாகக் கட்டி மில்லுக்குப் போய்க் கூழாகும்.

1987இல் ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்குக் குடமுழுக்கு நடந்தது. 13 நிலை, 236 அடி. பத்திரிகைகள் எல்லாம் பக்கம் பக்கமாகப் படம் போட்டன. அந்தப் பேப்பர் எல்லாம் கொஞ்ச நாளில் எடைக்கு வந்துவிட்டது. அம்மா அந்தக் கட்டு மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே சொன்னார்: "பாருடா, கோபுரத்து மேலயே ஒக்காந்திருக்கேன்." எனக்குத் தெரிந்த முதல் இலக்கிய விமர்சனம் அதுதான்.

எனக்காக அம்மா தினமும் ஒன்றை எடுத்து வைப்பார். எதை எடுப்பது என்று அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. படம் போட்டிருந்தால் அது சும்மா. படமே இல்லாமல் எழுத்து மட்டும் நெருக்கமாக இருந்தால் அதுதான் அசல் புஸ்தகம். "இதுல ஒரு படங்கூட இல்ல சாமி, நல்ல புஸ்தகமாத்தான் இருக்கும்" என்று முந்தானையில் சுற்றிக் கொண்டுவருவார். அப்படி எனக்கு ரயில்வே விதிமுறைப் புத்தகம் வந்திருக்கிறது. ஹோமியோபதி வந்திருக்கிறது. பஞ்சாங்கம் வந்திருக்கிறது. ஒருநாள் மாஸ்கோவிலிருந்து வந்த ஒரு கெட்டி அட்டைப் புத்தகம் வந்தது. மக்சீம் கார்க்கியின் 'தாய்'. கடைசிப் பக்கங்கள் கிழிந்திருந்தன.

அந்தத் தாய்க்கு என்ன ஆச்சு என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளிக்கூட நோட்டின் பின்பக்கத்தில் நானே ஒரு முடிவு எழுதினேன். பிடிக்கவில்லை. இன்னொன்று எழுதினேன். மொத்தம் நாலு முடிவு. நான் எழுத வந்த கதை இவ்வளவுதான். யாரும் உந்தவில்லை. ஒரு புத்தகத்தில் பக்கம் குறைந்தது, நான் எழுதி நிரப்பினேன்.

அப்புறம் நூலகம். நூலகம் எல்லோருக்கும் பொது. 1948இல் சென்னை மாகாணத்துப் பொது நூலகச் சட்டம் வந்தது. அதற்காக நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் வருஷக்கணக்கில் பாடுபட்டார். சொத்து வரியோடு சேர்த்து வாங்குகிற நூலக வரியில்தான் இந்த நூலகங்கள் நடக்கின்றன. வாடகை வீட்டில் இருக்கிறவனும் வாடகை வழியாக அந்த வரியைக் கட்டுகிறான். இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்றைக்கு ஒரு நூலகத்தில், உறுப்பினராக வேண்டுமென்றால் சொந்த வீட்டுக்கு வரி கட்டுகிற ஒருத்தர் கையெழுத்து வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எங்க தெருவில் வரி ரசீது வைத்திருந்தவர் யாரும் இல்லை. நான் கேட்கப் போன வீட்டில், "உனக்கு எதுக்குடா கதைப் புஸ்தகம்? தொலைச்சுட்டா யாரு கட்டுறது?" என்றார்கள். வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது, சரி. அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம் அல்லவா? சாத்துகிற நேரம் வரைக்கும் உட்கார்ந்திருப்பேன். எனக்கு வேகமாகப் படிக்கிற பழக்கம் வந்தது அதனால்தான். நாளைக்கு அந்தப் புத்தகம் அந்த இடத்தில் இருக்கும் என்கிற நம்பிக்கை இல்லாதவன் வேகமாகத்தான் படிப்பான்.

அப்படிப் படித்ததில் என்னை மயக்கியவர் சுஜாதா. 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' படித்தவர்களுக்குத் தெரியும். சின்ன வயதில் ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தவர். இந்த ஊரில்தான் படித்தவர். அந்தத் தெருக்களை அவர் சொன்ன மாதிரி சொல்ல ஆள் இல்லை. நான் படித்துவிட்டு ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்துப் பாலத்தைத் தாண்டிப் போவேன். அம்மா மண்டபத்துப் படித்துறையில் உட்காருவேன். உத்தர வீதியில் நடப்பேன், சித்திரை வீதியில் நடப்பேன். கதையில் வருகிற திண்ணைகளைத் தேடுவேன். பொறாமையாக இருக்கும். ஒரு தெருவுக்கு இவ்வளவு எழுத்து! எங்க தெருவுக்கு ஒரு வரி உண்டா? ஆனால் அந்தப் பொறாமையைக் கோபமாக மாற்ற அன்று எனக்குத் தெரியவில்லை. அவரை மாதிரியே எழுத ஆரம்பித்தேன்.

கல்லூரியில் இரண்டாம் வருஷம், என் முதல் கதை ஒரு பத்திரிகையில் வந்தது. அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "முழுசாப் படிச்சுக் காட்டு" என்றார். வேலை முடிந்து வந்து, கால் நீட்டி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டார். நான் படித்தேன். கதையில் ஒரு திண்ணை வீடு. ஒரு பாட்டி. டிகிரி காப்பி. மாடியில் ஒரு பெண். முடித்தேன். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, குறை சொல்கிற குரலே இல்லாமல், சும்மா விவரம் கேட்கிற மாதிரிக் கேட்டார்:

"நல்லாத்தான் இருக்கு சாமி. இதுல நம்ம யாரும் இல்லையே?"

தோழர்களே, அதன் பிறகு எத்தனையோ பேர் என் எழுத்தை விமர்சித்திருக்கிறார்கள். இந்த ஒரு கேள்வி போல எதுவும் என்னைத் தைக்கவில்லை. என்னைச் சாதி சொல்லி யாரும் அந்தக் கதைக்குள் வரவிடாமல் தடுக்கவில்லை. நானேதான் எங்க தெருவை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போயிருக்கிறேன். என் அம்மாவை வெளியே நிறுத்தியிருக்கிறேன். எடை போட வேண்டிய காகிதத்தில் எனக்காகப் புத்தகம் பொறுக்கியவரை.

இங்கே உறையூர்க்காரர்கள் சில பேர் வந்திருக்கிறீர்கள். உங்கள் ஊர் ஆள் ஒருத்தரைப் பற்றிச் சொல்கிறேன். திருப்பாணாழ்வார். பக்தியை ஒரு பக்கம் வைத்துவிட்டு இதைக் கேளுங்கள். பாணர் குலம் என்பதால் தீவுக்குள் கால் வைக்காமல், காவிரித் தென்கரையிலேயே நின்று யாழோடு பாடிக்கொண்டிருந்தார் என்கிறது மரபு. தண்ணீர் எடுக்க வந்த லோகசாரங்கர் வழிவிடச் சொல்லிக் கல்லெறிய, நெற்றியில் ரத்தம் வந்தது. பிறகு பெருமாள் கட்டளைப்படி அதே லோகசாரங்கர் அவரைத் தோளில் சுமந்து சந்நிதிக்குக் கொண்டுபோனார். உள்ளே நின்று பத்துப் பாட்டுப் பாடினார், அப்படியே இறைவனோடு கலந்து மறைந்தார். 'அமலனாதிபிரான்' என்கிற அந்தப் பத்தும் நாலாயிரத்தில் இருக்கிறது.

தோளில் தூக்கியது பற்றி நிறையப் பேர் பேசியாகிவிட்டது. ஒருத்தரைத் தூக்கிக்கொண்டு போனார்கள், அவரும் திரும்பி வரவில்லை, அவருடைய சனம் கரையிலேயே நின்றது என்று நம்மவர்களும் கேட்டாகிவிட்டது. எனக்கு உறுத்துவது வேறு. உள்ளே போய்ப் பாடியது பத்து. அதற்கு முன்னால் கரையில் நின்று எத்தனை வருஷம் பாடியிருப்பார்? எத்தனை நூறு பாட்டு? அந்த யாழ்ப் பாட்டு எங்கே? ஒன்று இல்லை. உள்ளே பாடியது ஏட்டில் ஏறியது. கரையில் பாடியது ஆற்றோடு போனது.

நம்ம கதையே இதுதான். நம்மிடம் பாட்டு இல்லாமல் இல்லை, கதை இல்லாமல் இல்லை, அறிவு இல்லாமல் இல்லை. கரையில் எழுதி வைக்க ஆள் இல்லை. எழுதினாலும் அதைக் கட்டிக் காக்க ஆள் வேண்டும்.

இதற்கு நூறு வருஷத்துக்கு முந்தைய சாட்சி ஒன்று உண்டு. 1893 அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' பத்திரிகையைத் தொடங்கினார். எந்தப் பெயரைச் சொல்லி அடித்தார்களோ அந்தப் பெயரையே தலைப்பில் போட்டார். 1907 ஜூனில் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். 1914இல் அவர் இறந்தார். தமிழன் பிரதிகளைக் கோலார் தங்கவயலிலும் வேறு ஊர்களிலும் தொழிலாளர் குடும்பங்களும் பௌத்த சங்கத்தாரும் சேர்த்து வைத்தார்கள். அப்படி எஞ்சியதிலிருந்துதான் 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டையிலிருந்து 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வெளிவந்தது. இன்றைக்குப் பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சி செய்கிறார்கள். பறையன் இதழ்கள் அந்த மாதிரி முழுசாக நம் கைக்கு வரவில்லை. இரண்டும் நம்ம பத்திரிகைதான். ஒன்றை யாரோ கரையான் அண்டாமல் காத்தார்கள். இன்னொன்று எங்கேயோ, யாருக்கும் தெரியாமல், எடைக்குப் போயிருக்கும். பழைய பேப்பர் கடைக்காரி பிள்ளை சொல்கிறேன், எத்தனை போயிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பாபாசாகேப் அம்பேத்கரைப் பாருங்கள். 1917இல் லண்டனிலிருந்து திரும்பியபோது தனியாக அனுப்பிய புத்தகங்கள் கப்பலோடு மூழ்கிப்போயின. மறுபடி சேர்த்தார். புத்தகங்களுக்கென்றே பம்பாய் தாதரில் ராஜகிருகம் கட்டினார். சட்டம், பொருளாதாரம் எல்லாம் எழுதிய அதே கையால் தன் கதையையும் கொஞ்சம் எழுதி வைத்தார். சின்ன வயதில் மாட்டுவண்டிப் பயணத்தில் தண்ணீர் கிடைக்காதது, பரோடாவில் தங்க இடமில்லாமல் துரத்தப்பட்டது. 'விசாவுக்காகக் காத்திருத்தல்'. 1956இல் அவர் மறைந்தார். அது தனி நூலாக வந்தது 1990இல். எழுதி வைத்தது காத்திருந்தது, தோழர்களே. எழுதாததற்கு அந்தப் பாக்கியம் இல்லை.

நம்ம காலத்தில் 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தது. 1994இல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' வந்தது. இமையம் இதே திருச்சியில், பெரியார் ஈ.வெ.ரா. கல்லூரியில் படித்தவர். இங்கே பேராசிரியர் எஸ். ஆல்பர்ட்டைச் சந்தித்ததுதான் தன்னை இலக்கியத்துக்குக் கொண்டுவந்தது என்று சொல்லியிருக்கிறார். 'கருக்கு' கையில் கிடைத்த அன்று இரவு அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து உட்கார்ந்து, "இந்தப் புள்ள எந்த ஊரு?" என்று கேட்டார். சொந்தக்காரப் பெண்ணை விசாரிக்கிற மாதிரி.

அதற்குப் பிறகுதான் நான் அம்மா பேச்சை எழுத ஆரம்பித்தேன். காகிதத்தைத் தொட்டுப் பிரிக்கிற விதம், தராசில் கல் ஏமாற்றுகிறவனைக் கண்டுபிடிக்கிற விதம், மழை நாளில் நனைந்த கட்டு நாறுகிற நாற்றம், பெண்கள் சேர்ந்து கட்டுக் கட்டும்போது பாடுகிற கேலிப் பாட்டு. அழுகை மட்டும் எழுதவில்லை. நம்மைப் பற்றி எழுதினால் காயம் மட்டும்தான் எழுத வேண்டும் என்று வெளியில் இருப்பவர்கள் எதிர்பார்க்கிறார்கள். நம்மில் சில பேரும் அப்படித்தான். அடி வாங்கியதை எழுத வேண்டும், கட்டாயம். அதே நோட்டில் கோபுரத்து மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டதையும் எழுத வேண்டும். அதுவும் நம்ம வரலாறுதான்.

நாலு நோட்டு ஆனது. ஐந்தாவதுக்கு அம்மா இல்லை. இன்னும் கேட்க வேண்டியது எவ்வளவோ இருந்தது. கேலிப் பாட்டில் பாதிதான் என்னிடம் இருக்கிறது, மீதிப் பாதிக்கு நான் எங்கே போவேன்? 'தாய்' புத்தகத்துக்கு நாலு முடிவு எழுதினேனே, இதற்கு என்னால் ஒரு அடிகூட எழுதிச் சேர்க்க முடியாது. கற்பனையாக எழுதினால் அது அம்மா பாட்டு ஆகாது.

அதனால் கடைசியாக ஒன்று கேட்கிறேன். வாசியுங்கள், யாரையும் ஒதுக்காமல் வாசியுங்கள். சுஜாதாவையும் வாசியுங்கள், ஆழ்வாரையும் வாசியுங்கள், கார்க்கியையும் வாசியுங்கள். நூலக அட்டை இல்லாதவர்கள் இங்கே யார் என்று சொல்லுங்கள். இன்று என்னிடம் வீட்டு வரி ரசீது இருக்கிறது, எங்கே கையெழுத்துக் கேட்டாலும் போடுகிறேன். ஆனால் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிக் கொண்டுவாருங்கள். உங்கள் வீட்டில் வயதானவர் யாராவது இருப்பார். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நீ என்ன வேலை பார்த்த, அத எப்படிப் பார்த்த?" அவர் சொல்கிற சொல்லிலேயே எழுதுங்கள், திருத்தாதீர்கள். எழுதியதை அவருக்கே படித்துக் காட்டுங்கள். அதில் அவர் இருக்கிறாரா என்று அவர் சொல்லட்டும்.

இன்று இரவே கேளுங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.