கைநாட்டு வைத்தால் சம்மதமா?

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூட்டம் தொடங்குமுன் வயதான விவசாயத் தொழிலாளி ஒருவர் என்னைத் தனியே அழைத்து, மடித்து வைத்திருந்த காகிதமொன்றைக் காட்டினார். கடன் பத்திரத்தின் நகல். கை நீட்டி வாங்கியது ஒன்று. பத்திரத்தில் இருப்பது அதற்கு இரண்டு பங்கு. "நானே கைநாட்டு வச்சுட்டேனே தம்பி, இனி என்ன பேச முடியும்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே இன்று நிற்கிறேன்.

நான் வக்கீலல்ல. பள்ளியிறுதி வகுப்போடு படிப்பு நின்றது. சங்க வழக்குகளுக்காக வக்கீல் வீட்டுத் திண்ணைகளில் காத்துக் கிடந்த நேரத்தில் படித்ததுதான் நான் அறிந்த சட்டம்.

1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் வெள்ளைக்காரன் போட்டது. இன்றும் நடப்பில் இருப்பது அதுதான். கையெழுத்து இருந்தால் போதும் என்று அது சொல்லவில்லை. சம்மதம் சுதந்திரமாகத் தரப்பட்டதா என்று கேட்கிறது. பலவந்தம், தகாத செல்வாக்கு, மோசடி, பொய் விவரம், சில வகைத் தவறான எண்ணம் – இவற்றால் வாங்கிய சம்மதம் சுதந்திரச் சம்மதமாகாது என்று 14-வது பிரிவு கூறுகிறது.

பலவந்தம் எல்லோருக்கும் புரியும். கத்தியைக் காட்டினால்தான் பலவந்தம் என்று எண்ணிவிடாதீர்கள். தற்கொலை செய்துகொள்வேன் என்று மிரட்டி, மனைவியிடமும் மகனிடமும் ஒருவர் தம் சகோதரர் பெயருக்கு விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கினார். அதுவும் பலவந்தமே என்று சென்னை ஹைகோர்ட்டு தீர்ப்பளித்தது. 1918-ம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதியில் அது இருக்கிறது.

அடுத்தது பொய் விவரம். தெரிந்தே ஏமாற்றச் சொன்னால் மோசடி. உண்மையென்று நம்பியே சொல்லி, அது பொய்யாக இருந்தால் பொய் விவரம். இரண்டிலும் ஏமாந்தவர் ஒப்பந்தத்தை ரத்துச் செய்யக் கேட்கலாம். "முன்பணம் சம்பளத்தில் கழிந்துவிடும்" என்று மேஸ்திரி வாயால் சொல்லி, காகிதத்தில் வேறு எழுதியிருந்தால் அந்தக் கைநாட்டு கல்வெட்டல்ல. ஆனால் எதிர்க்கட்சி வக்கீல் சும்மா இருக்கமாட்டார். சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தாலே உண்மை தெரிந்திருக்கும் என்றால், பொய் விவரம் என்ற காரணம் நிற்காது. அதுவும் சட்டத்திலேயே உள்ளது. ஆகையால் எழுத்தறியாத தோழர்கள், "எனக்குப் படிக்கத் தெரியாது, வாசித்துக் காட்டுங்கள்" என்று நாலு பேர் காதில் விழும்படி கேட்கவேண்டும். அந்த நாலு பேர்தான் பின்னால் சாட்சி. வெறும் ஸ்டாம்புக் காகிதத்தில் மட்டும் கையெழுத்திடாதீர்கள். 1881-ம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், அதை நிரப்பிக்கொள்ளும் அதிகாரம் வாங்கியவனுக்கு உண்டென்றே முதலில் கொள்கிறது.

இப்போது நம் தோழரின் விஷயத்துக்கு வருகிறேன். இதற்குப் பெயர் தகாத செல்வாக்கு. ஒருவருடைய விருப்பத்தையே ஆட்டிவைக்கும் நிலையில் மற்றவர் இருந்து, அதைக் கொண்டு அநியாய லாபம் அடைவது. அப்படிப்பட்ட நிலை யாருக்கு உண்டு? அதிகாரம் உள்ளவனுக்கு உண்டு. நம்பிக்கைக்குரிய இடத்தில் இருப்பவனுக்கு உண்டு. எழுதிக் கொடுப்பவர் முதுமையாலோ நோயாலோ துயரத்தாலோ மனம் தளர்ந்திருந்தால், அவரிடம் எழுதி வாங்குபவனுக்கும் உண்டு.

சட்டம் உதாரணங்களும் தருகிறது. தன் கிராமத்து லேவாதேவிக்காரனிடம் ஏற்கெனவே கடன்பட்ட ஒருவன், மனச்சாட்சிக்கு ஒவ்வாத நிபந்தனையில் மேலும் கடன் வாங்குகிறான். அது தகாத செல்வாக்கால் நடந்ததல்ல என்று நிரூபிக்கவேண்டியது யார்? லேவாதேவிக்காரன்! இன்னொரு உதாரணம்: ஒரு விவசாயிக்கு நூறு ரூபாய் கொடுத்து, மாதம் நூற்றுக்கு ஆறு வட்டியில் இருநூறுக்குப் பத்திரம் வாங்குகிறான். கோர்ட்டு பத்திரத்தை ரத்துச் செய்து, நூறு ரூபாயையும் நியாயமான வட்டியையும் மட்டும் கொடுக்கச் சொல்லலாம். நம் தோழரின் காகிதத்தைப் பார்த்தே எழுதியதுபோல இல்லையா?

இந்த ஞானம் எங்கிருந்து வந்தது? இப்பிரிவை 1899-ல் திருத்தி எழுதினார்கள். அதற்கு முன்பே, 1875-ல், பூனா, அகமதுநகர் மாவட்டங்களில் விவசாயிகள் லேவாதேவிக்காரர் வீடுகளிலிருந்து பத்திரங்களைப் பிடுங்கி எரித்தார்கள். 1879-ல் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் வந்தது. பத்திரம் எரிந்த வெளிச்சம் சட்டம் எழுதுபவர்களின் மேஜைவரை எட்டியிருக்கும் என்பது என் எண்ணம்.

ஆனால் சட்டம் முழுக்க நம் பக்கம் என்று மயங்கவேண்டாம். லேவாதேவிக்காரன் உதாரணத்துக்கு அடுத்த உதாரணத்தைப் பாருங்கள். பணம் கிடைப்பது அரிதான சமயத்தில் பாங்குக்காரர் வழக்கத்துக்கு மீறிய வட்டி கேட்டால் அது சாதாரண வியாபாரம், தகாத செல்வாக்கல்ல! இங்கிலாந்தின் பிரிவி கவுன்சில் தீர்ப்பொன்று 1924-ல் அச்சானது. சுமார் பத்தாயிரம் ரூபாய் அடமானக் கடன், நூற்றுக்கு 24 வீதம் கூட்டுவட்டியில், பதினோரு ஆண்டில் லட்சத்துக்கு மேல் போயிற்று. அவசரமாகப் பணம் தேவைப்பட்டது என்பதால் மட்டும் கடன் கொடுத்தவர் ஆட்டிவைக்கும் நிலையில் இருந்தார் என்று கொள்ளமுடியாது என்றார்கள். முதலில் அந்தப் பிடியை நாம் காட்டவேண்டும். அதோடு ஒப்பந்தம் அநியாயமாகத் தோன்றினால்தான் நிரூபிக்கும் பாரம் அவன் தலைக்கு மாறும். பழைய பாக்கி, அவன் நிலத்தில் வேலை, அவன் இடத்தில் குடிசை – இவைதான் அந்தப் பிடி. வக்கீலிடம் வட்டிக் கணக்கை மட்டும் சொல்லாமல் இவற்றையும் சொல்லுங்கள்.

மில் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. காரணமே சொல்லாமல், மூன்று மாத நோட்டீஸில் நிரந்தர ஊழியரை வெளியேற்றும் விதி ஒன்று மத்திய உள்நாட்டு நீர்ப் போக்குவரத்துக் கழகத்தில் இருந்தது. 1986-ல் சுப்ரீம் கோர்ட்டு அதைச் செல்லாது என்றது. பேரம் பேசும் பலம் சமமில்லாதபோது, வேறு வழியின்றிப் புள்ளியிட்ட கோட்டில் போடும் கையெழுத்தை அது கணக்கில் எடுத்தது. முன்பணத்துக்காக ஆளையே கட்டிவைப்பது இன்னும் வேறு விஷயம். 1976-ம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனே ஒழிந்தது. அது கொத்தடிமைக் கடனல்ல என்று நிரூபிப்பது கொடுத்தவன் பொறுப்பு.

மிக முக்கியமானது காலம். ஏமாற்றி வாங்கிய பத்திரம் தானாகச் செத்துவிடாது. ரத்துச் செய்யும்படி நாம் கேட்கும்வரை அது உயிரோடிருக்கும். விஷயம் தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போடவேண்டும். தெரிந்த பிறகும் மனமொப்பி வட்டி கட்டிக்கொண்டே போனால், ஒப்புக்கொண்டதாகவே கொள்வார்கள். உண்மையில் வாங்கிய தொகையையும் திருப்பித் தர வேண்டியிருக்கும். அதை மறைத்துப் பேசுவது வழக்கைக் கெடுக்கும்.

பெரியவரின் பத்திரத்தில் தேதி பார்த்தேன். போன ஆடி மாதம். காலம் இருக்கிறது. பணத்தை எண்ணிக் கொடுத்தபோது அவர் மருமகன் பக்கத்தில் நின்றிருக்கிறார். திங்கட்கிழமை காலையில் அவரையும் அழைத்துக்கொண்டு சங்க அலுவலகத்திலிருந்து வக்கீலிடம் போகிறோம். இதுபோன்ற காகிதம் வீட்டில் வைத்திருப்பவர்கள் அதை எடுத்துக்கொண்டு கூடவே வாருங்கள்.