உன் கையெழுத்தை விற்காதே

கடலோடிக் குடும்பத்துத் தாய்மார்களே, பெரியோர்களே, அடுத்த வாரமோ அடுத்த மாதமோ முதல் காண்ட்ராக்டில் கப்பலேறப் போகும் தம்பி தங்கைகளே! இன்று ஜூன் 25, உலகக் கடலோடிகள் தினம். கடலோடியின் பயிற்சிக்கும் சான்றிதழுக்கும் ஓய்வுக்குமான விதிகளைத் திருத்தி எழுத 2010-இல் மணிலாவில் நாடுகள் கூடின. நீ என்ன படித்திருக்க வேண்டும், எத்தனை மணி நேரம் உறங்க வேண்டும் என்று உலகமே உட்கார்ந்து பேசி ஒப்புக்கொண்ட அந்த மாநாட்டின் நினைவாகத்தான் இந்த நாளைக் கொண்டாடுகிறோம். சம்பளக் கணக்குச் சொல்ல ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அந்த வேலையை அவர்களிடமே விட்டுவிடுகிறேன். நான் ஒன்றே ஒன்றை உங்கள் முன் வாதாடி நிறுவ வேண்டும். ஜூனியர் இஞ்சினியராகக் கப்பலேறும் ஒருவரின் தொழில்வாழ்க்கை அவர் போடும் கையெழுத்தில் எழும்புகிறது, அதே கையெழுத்தில் இடிகிறது.

இஞ்சின் ரூமில் உன்னை 'பாஞ்ச் சாப்' என்று கூப்பிடுவார்கள். இஞ்சினியர்களில் கடைசிப் பதவி. ஆனால் பேனா முதல் நாளே உன் கைக்கு வந்துவிடும். கப்பலின் அடியில் தேங்கும் பில்ஜ் தண்ணீரை வெளியேற்றினால் ஆயில் ரெக்கார்டு புக்கில் பதிவு. டேங்குக்குள் இறங்கினால் அனுமதிச் சீட்டு. மாதம் முடிந்தால் ஓய்வு நேரத் தாள். அந்த ஆயில் ரெக்கார்டு புக்கின் வலிமையை யாரும் உனக்குச் சொல்லித் தருவதில்லை. கடல் மாசைத் தடுக்கும் மார்ப்போல் உடன்படிக்கைப்படி, எண்ணெயைப் பிரிக்கும் செப்பரேட்டரிலிருந்து கடலுக்குப் போகும் தண்ணீரில் எண்ணெய் பத்து லட்சத்தில் 15 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. சிலர் செப்பரேட்டரைச் சுற்றிக்கொண்டு ஒரு குழாயைப் பொருத்துவார்கள். அதற்குப் பெயர் மேஜிக் பைப். நடுக்கடலில், இருட்டில், ஆள் பார்க்காத இடத்தில் நடக்கும் காரியம். அதை அமெரிக்க நீதிமன்றம் எப்படிப் பிடிக்கிறது? எண்ணெய் கொட்டியது எந்தக் கடலில் என்று அது தேடிக்கொண்டிருப்பதில்லை. கொட்டியதை மறைத்து எழுதிய புத்தகத்தோடு எங்கள் துறைமுகத்துக்குள் வந்தாயே, அதுவே குற்றம் என்கிறது. குழாய் துருப்பிடித்துப் போகும். அதைக் கழற்றி ஒளித்தும் வைக்கலாம். உன் கையெழுத்தை என்ன செய்வாய்?

2013 ஆகஸ்ட். கரீபியன் பிரின்சஸ் என்ற பயணிகள் கப்பல். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு ஜூனியர் இஞ்சினியர் அதில் மேஜிக் பைப்பைப் பார்க்கிறார். கப்பல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனைத் தொட்டதும் வேலையை விட்டு இறங்குகிறார், பிரிட்டிஷ் கடல்சார் அதிகாரிகளிடம் போய்ச் சொல்கிறார். கப்பலில் என்ன நடந்தது தெரியுமா? சீஃப் இஞ்சினியரும் அவருக்கு அடுத்த நிலையில் இருந்தவரும் குழாயைக் கழற்றச் சொன்னார்கள். கீழே இருந்தவர்களைப் பொய் சொல்லச் சொன்னார்கள். அடுத்த மாதம் கப்பல் நியூயார்க் போய்ச் சேர்ந்தபோது சிலர் அங்கேயும் அந்தப் பொய்யையே சொன்னார்கள். விசாரணை தோண்டத் தோண்ட, இந்தப் பழக்கம் 2005-இலிருந்தே நடந்தது என்றும், அந்த நிறுவனத்தின் வேறு நான்கு கப்பல்களிலும் முறைகேடு உண்டு என்றும் வெளிவந்தது. 2016 டிசம்பரில் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது. தண்டம் 4 கோடி டாலர். கைதட்டுகிறீர்கள். தட்டுங்கள், அந்தக் கைதட்டல் அவருக்குச் சேரட்டும். அவர் பெயரை நான் சொல்லவில்லை. அந்தப் பெயரில் உங்கள் பிள்ளையின் பெயரை வைத்துப் பாருங்கள். எட்டு வருடம் எத்தனையோ சீனியர்கள் கண்ணெதிரே ஓடிய பொய்யை, நேற்றுச் சேர்ந்த ஒருவர் நிறுத்தினார்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். 'கப்பலில் சீஃப் சொன்னதைத் தட்ட முடியுமா? ரிப்போர்ட்டில் ஒரு வரி தப்பாக எழுதிவிட்டால் அடுத்த கப்பல் ஏது?' தட்டுவது கஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் பணிந்து போனவன் பிழைத்தானா? இப்படிப்பட்ட வழக்குகளில் கட்டளையிட்டவரும் மாட்டுகிறார், குழாயைப் பிடித்தவனும் மாட்டுகிறான். சாட்சியாக இருக்க வேண்டிய இளைஞர்கள் மாதக்கணக்கில் அந்நிய ஊரில் ஓட்டல் அறையில் முடங்கிக் கிடக்கிறார்கள். சீஃபின் கட்டளை வாய்ச்சொல், கப்பலோடு போய்விடும்; உன் எழுத்து புத்தகத்தில் நிற்கும். அந்தப் புத்தகத்தைக் கடைசிப் பதிவிலிருந்து மூன்று வருடம் காக்க வேண்டும் என்பது விதி. தனியாக நின்று சண்டை போடு என்றும் நான் சொல்லவில்லை. கப்பலிலேயே புகார் செய்யும் வழியைக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை உனக்குத் தந்திருக்கிறது. புகார் செய்தவரைப் பழிவாங்கக் கூடாது என்றும் சொல்கிறது. கரையில் அதற்கென்றே நியமிக்கப்பட்ட ஒருவரை, டி.பி.ஏ. என்பார்களே அவரை, நேராகக் கூப்பிடலாம். ஏறிய முதல் நாளே அந்த எண்ணைக் குறித்து வை.

'சவுத்தாம்ப்டனில் அவர் இறங்கியது சொந்த நாட்டுக் கரை. எங்கள் பையன் தலையில் லட்சக்கணக்கில் கடன் இருக்கிறதே' என்பீர்கள். இந்த ஆட்சேபத்தின் முன் நான் தலை குனிகிறேன். பயந்தவனைக் கோழை என்று திட்டிவிட்டுப் போக எனக்கு மனம் வராது. அந்தக் கடன் எங்கிருந்து வந்தது? படிப்புக்கு ஒரு கடன், சரி. வேலைக்கு எதற்கப்பா கடன்? வேலை வாங்கித் தருவதற்காகக் கடலோடியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது 2006-ஆம் ஆண்டின் அதே கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின் விதி. இந்தியா 2015-இல் ஏற்றுக்கொண்டது. மருத்துவச் சான்று, பாஸ்போர்ட், சி.டி.சி. என்னும் கடலோடிப் பதிவுப் புத்தகம் இவற்றுக்கு ஆகும் செலவு உன்னுடையது. அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்பவன் உன்னிடம் திருடுகிறான். சுவரொட்டியில் வெள்ளைச் சீருடையும் தங்கப் பட்டையும் காட்டி, தாய்மார்களின் தாலிக்கொடியை அடகுக் கடைக்கு அனுப்புகிறார்களே, அவர்களும் இந்த ஊரில்தான் நடமாடுகிறார்கள். மேடை போட்டு இளைஞர் நலன் பேசுகிறார்கள். பேசட்டும்! கப்பலுக்கு ஆள் எடுப்பதற்கான ஆர்.பி.எஸ்.எல். உரிமம் உங்களிடம் இருக்கிறதா, இருந்தால் அந்த எண் என்ன என்று மட்டும் கேளுங்கள். கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடுங்கள். இல்லாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். இவர்கள் மேல் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், பணத்தோடு விஷயம் முடிவதில்லை. கடனோடு கப்பலேறுகிறவன் இல்லை என்று சொல்லும் தைரியத்தைக் கரையிலேயே அடகு வைத்துவிட்டு ஏறுகிறான்.

ஓய்வு நேரத் தாளுக்கு வருகிறேன். 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி ஓய்வு, ஏழு நாளில் 77 மணி. அந்த 10 மணியை இரண்டு துண்டுக்கு மேல் உடைக்கக் கூடாது. அதில் ஒரு துண்டு 6 மணியாவது இருக்க வேண்டும். விதி இது. நடப்பது என்ன? வீட்டில் பால் கணக்குக்குக் காலண்டரில் மொத்தமாகக் கோடு போடுவதுபோல, மாதக் கடைசியில் உட்கார்ந்து எல்லா நாளுக்கும் ஒரே மாதிரி நிரப்புகிறார்கள். உலகக் கடல்சார் பல்கலைக்கழகம் 2020-இல் வெளியிட்ட ஆய்வு, இதைச் 'சரிக்கட்டும் கலாச்சாரம்' என்று தலைப்பிலேயே சொன்னது. சின்னப் பொய்தானே என்று விடுகிறோம். தூங்காத கண்ணுக்குத் தூங்கியதாகச் சாட்சி எழுதிக் கொடுத்தவன், நாளை விபத்து நடந்தால் களைப்பு என்ற ஒரே நியாயத்தையும் இழக்கிறான். ஆள் போதவில்லை என்ற உண்மை அலுவலகத்துக்கு எட்டாமல் போவதும் அந்தத் தாளால்தான்.

'நேர்மை சரி, தொழில் கற்பது வேறு இல்லையா?' என்றால், வேறு இல்லை. 2024 மார்ச் 26, பால்டிமோர். ஏறத்தாழ 300 மீட்டர் நீளமுள்ள டாலி கப்பல், பெரும்பாலும் நம் இந்தியப் பிள்ளைகள் ஓட்டிய கப்பல், மின்சாரம் இழந்து பாலத்தில் மோதியது. பாலத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். விசாரணை எங்கே போய் நின்றது? ஒரே ஒரு சிக்னல் வயர். அதன் மேல் ஒட்டிய லேபிள் வளையம் தடுத்ததால், வயர் இணைப்புக்குள் முழுதாக ஏறவில்லை. இரண்டாவது முறை மின்சாரம் போனதற்குக் காரணம், ஜெனரேட்டருக்கு எரிபொருள் தள்ளப் பயன்படுத்திய பம்ப் தானாக மறுபடி ஓடும் வகையைச் சேர்ந்தது அல்ல என்பது. பொய் எழுதினார்கள் என்று அந்தப் பிள்ளைகளை நான் சொல்லவில்லை, யாரும் சொல்லக் கூடாது. ஒரு வயர் எவ்வளவு பெரியது என்பதற்காகச் சொல்கிறேன். 'பார்த்தேன்' என்று டிக் அடிக்கும் இடத்தில் உன் கை அந்த வயரை இழுத்துப் பார்த்திருக்க வேண்டும். முதல் மாதம் குழாய்ப் பாதைகளை லைன் ட்ரேஸ் செய்யும்போது பழைய படத்தைக் காப்பி அடிக்காமல், டார்ச்சோடு தரைத் தட்டுகளுக்கு அடியில் புகுந்து நீயே வரைந்திருக்க வேண்டும். பயிற்சிப் பதிவேட்டில் செய்யாத வேலைக்கு செகண்ட் இஞ்சினியரிடம் கெஞ்சி ஒப்பம் வாங்குகிறவர்கள், கிளாஸ் ஃபோர் சான்றிதழுக்கான ஓரல்ஸ் தேர்வில் சர்வேயரின் இரண்டாவது கேள்வியிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். செய்ததை மட்டும் எழுதுகிறவனுக்கு, எழுதுவதற்காகவாவது செய்யவேண்டி வருகிறது. அவன் கற்றுக்கொள்கிறான்.

சவுத்தாம்ப்டனில் இறங்கினாரே, அவருக்கு நீதிமன்றம் பின்னாளில் 10 லட்சம் டாலர் வெகுமதி தந்தது. ஆனால் படிக்கட்டில் இறங்கிய அன்று அவர் கையில் வேலையும் இல்லை, வெகுமதி வரும் என்ற உறுதியும் இல்லை. ஆகவே கடைசி வேண்டுகோள் இளைஞர்களுக்கு இல்லை, பெற்றோர்களே, உங்களுக்கு. உங்கள் பிள்ளை காண்ட்ராக்ட் முடியும் முன்னே வீட்டு வாசலில் பையோடு வந்து நின்று, 'பொய்க் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன், இறக்கிவிட்டார்கள்' என்று சொன்னால், கடன் கணக்கை அன்று பேசாதீர்கள். உள்ளே கூப்பிட்டுச் சோறு போடுங்கள். அடுத்த கப்பலுக்கு உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை மறுநாள் நாம் சேர்ந்து பார்க்கலாம்.