குடும்ப வரலாறும் சந்தாத் தளங்களும்

சொந்த ஊரை விட்டு வந்து பிற மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் மூன்றாம் தலைமுறையும் நான்காம் தலைமுறையும் தலையெடுத்துவிட்டன. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பிறந்த பிள்ளைகள், "நம் பூர்விகம் எது? பாட்டனாரின் தந்தை பெயர் யாது?" என்று கேட்கிறார்கள். பேரன் என்னும் சொல்லே பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்ற பொருளில் வந்தது என்பர். தாங்கும் பெயர் யாருடையது என்று அறிய விரும்புவது இயல்பே அன்றோ?

இவ்விருப்பத்தை நிறைவேற்றித் தருவதாகச் சொல்லும் இணையத் தளங்கள் இன்று பல உள்ளன. ஆன்செஸ்டிரி, ஃபைண்ட்மைபாஸ்ட், மைஹெரிட்டேஜ் ஆகியவை சந்தா பெற்று நடப்பவை. ஃபேமிலிசர்ச் என்பது அமெரிக்காவிலுள்ள ஒரு கிறிஸ்தவத் திருச்சபையினர் கட்டணமின்றி நடத்துவது. இவற்றுள் எதற்கு நாம் பணம் கட்டலாம்? கட்டினால் பலன் உண்டா? இவ்வினாக்களையே இன்று ஆராய எண்ணுகிறோம்.

முதலில் ஓர் உண்மையை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். இத்தளங்களின் பெருஞ்செல்வம் மேனாட்டுக் குடிமதிப்பு ஏடுகளும் திருச்சபைப் பதிவேடுகளுமே. இங்கிலாந்தில் 1921-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின் வீட்டுவாரிப் படிவங்கள் 2022-இல் ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் வெளியாயின. அந்நாட்டார் தம் பாட்டனார் வாழ்ந்த வீட்டையே அதிற் காணலாம். நம் நாட்டிலோ, குடிமதிப்பின்போது தனிமனிதர் தரும் விவரம் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மறைவாகக் காக்கப்படுவது. பொதுமக்கள் பார்வைக்கு உரியதன்று. ஆகவே, ஆயிரக்கணக்கில் செலவிட்டாலும் நம் முன்னோரின் குடிமதிப்புப் படிவம் அங்கே கிடைக்கப்போவதில்லை.

அப்படியாயின் சந்தா முற்றும் வீணா? அவ்வாறும் சொல்வதற்கில்லை. கும்பினி ஆட்சியிலும் பின்னர் ஆங்கில அரசாட்சியிலும் சென்னை மாகாணத்து ஆங்கிலத் திருச்சபைகளில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் படிகள் இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. ஃபைண்ட்மைபாஸ்ட் அவற்றை இணையத்தில் தருகிறது. ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தாருக்கும், முன்னோர் அத்திருச்சபைகளைச் சேர்ந்த குடும்பத்தாருக்கும் இது பயன்படக்கூடும். அவர்களும் பணம் கட்டுமுன், பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான ஃபிபிஸ் என்னும் சங்கத்தின் இலவச அட்டவணையைத் தேடிப் பார்த்துவிடுவது நலம்.

கடல் கடந்து சென்ற உறவினரைத் தேடுவோர் நிலை வேறு. 1860 முதல் 1911 வரை சுமார் 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்றனர். அவர்களுள் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறியவர்கள். அக்கப்பற் பட்டியல்களில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுக்கா, கிராமம், உடல் அடையாளம் ஆகிய யாவும் குறிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு சாதாரணக் குடியானவனைப் பற்றி இவ்வளவு விவரம் வேறெங்கும் காண்பது அரிது. இவை பெரும்பாலும் அந்தந்த நாட்டு ஆவணக் காப்பகங்களிலும் கல்வி நிலையங்களிலும் இருப்பவை. மோரீசுக்குச் சென்றவர்களைப் பற்றிய ஏடுகள் அங்குள்ள மகாத்மா காந்தி நிலையத்தில் உள்ளன. ஆகவே தேடுவோர் முதலில் அங்கே விசாரித்துவிட்டுப் பின்னரே சந்தாவைப் பற்றி எண்ணுதல் தகும்.

ஹரித்துவாரம் முதலிய தலங்களில் பண்டாக்கள் எழுதிவைத்த வம்சாவளி ஏடுகளின் படங்கள் ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாக உள்ளன. ஆயினும் அவை வடநாட்டுக் குடும்பங்களுக்கே பெரிதும் உதவுவன.

இனி, தேடும் முறை. மேனாட்டுத் தளங்கள் குடும்பப் பெயரைக் கேட்கின்றன. நமக்கோ குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே உண்டு. எனவே அக்கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு, இயற்பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைக் கொண்டு தேட வேண்டும். சிற்சில ஏடுகளில் தந்தை பெயரையே குடும்பப் பெயராக எழுதியிருப்பார்கள். ஆதலின் அப்படியும் ஒருமுறை தேடுக. எழுத்துக்கூட்டலும் இன்றுள்ளது போன்றதன்று. முத்துசாமி என்பதன் உகரத்துக்கு ஆங்கிலத்தில் இரண்டு 'ஓ' எழுத்துக்களை இட்டு எழுதினார்கள். தஞ்சாவூர் டாஞ்சூர் என்றும், திருநெல்வேலி டின்னவெல்லி என்றும் ஏறின. ஐயமுள்ள எழுத்துக்கு மாற்றாக உடுக்குறி இட்டுத் தேட வசதி உண்டா என்பதைச் சந்தா கட்டுமுன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சந்தா கட்டுவதென்று முடிவு செய்தபின் சிலவற்றைக் கவனித்தல் அவசியம். எந்தெந்தப் பதிவேடுகள், எந்த ஊருக்கு, எந்த ஆண்டுவரை உள்ளன என்னும் பட்டியலைப் பணம் கட்டாமலே பார்க்கலாம். அதை முதலிற் பார்க்க. மூல ஏட்டின் படம் கிடைக்குமா, வெறும் அட்டவணைதானா என்று அறிக. குறித்த காலம் முடிந்தவுடன் சந்தா தானே புதுப்பிக்கப்பட்டு, வங்கிக் கணக்கிலிருந்து பணம் கழியும் ஏற்பாடு பெரும்பாலான தளங்களில் உண்டு. இலவசமாகச் சோதித்துப் பார்க்கும் நாட்களும் இவ்விதியினின்று தப்புவதில்லை. முடிவு நாளை நாட்காட்டியில் குறித்து வைப்பது நன்று. ஆண்டுச் சந்தாவினும் ஒரு மாதச் சந்தா பெற்று, கேள்விகளை முன்னரே எழுதிவைத்துத் தேடி முடிப்பது சிக்கனம். இங்கிலாந்தில் உறவினர் இருப்பின், அங்குப் பல பொது நூலகங்களில் இத்தளங்களை இலவசமாகக் காணும் வசதி உண்டு.

இன்னோர் எச்சரிக்கை. பிறர் வரைந்து வைத்த வம்ச மரங்களைச் சான்றாகக் கொள்ளற்க. குறிப்பாக மட்டும் கொள்க. உயிரோடிருப்பவர்களின் பிறந்த நாள், தாயார் பெயர் முதலியவற்றைப் பொதுவில் ஏற்றாதிருப்பது பாதுகாப்பு. மரபணுச் சோதனை நடத்தும் 23அண்ட்மீ என்னும் அமெரிக்க நிறுவனத்தில் 2023-இல் சுமார் 69 லட்சம் பேருடைய விவரங்கள் களவு போயின. 2025-இல் அந்நிறுவனம் திவால் மனுவும் கொடுத்தது. கொடுத்த பணத்தை ஒருகால் திரும்பப் பெறலாம். வெளியே போன விவரத்தைத் திரும்பப் பெற இயலாது.

நம்மிற் பெரும்பாலோர்க்குரிய சான்றுகள் கட்டணமில்லாத இடங்களிலேயே உள்ளன. தில்லியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளத்தில், ஆங்கில அரசாங்கத்தில் வேலை பார்த்தவர்களின் நியமனம், ஓய்வூதியம் பற்றிய கோப்புகளைத் தேடலாம். தமிழ்நாட்டு அரசின் இணையத் தளங்களில் பட்டா விவரமும், 'அ' பதிவேடும், வில்லங்கச் சான்றும் காணலாம். சென்னை எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகத்தில் இனாம் பதிவேடுகள் உள்ளன. ஊர்ப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டையும் பழைய திருமண அழைப்பிதழ்களையும் எளியனவென்று தள்ளிவிடலாகாது. ஓர் அழைப்பிதழில் இரு குடும்பத்துப் பெயர்களும் ஊர்களும் நாளும் அடங்கியிருக்கின்றன.

இவை யாவற்றுக்கும் மேலான ஏடு, வீட்டிலுள்ள முதியவரின் நினைவு. அத்தை கூறும் ஓர் ஊர்ப் பெயர் இல்லாவிட்டால், எந்தத் தளத்தில் எதைத் தேடுவது? பதிவேடுகள் நாளையும் இருக்கும். சந்தாவை அடுத்த ஆண்டும் கட்டலாம். முதியவர்களின் நினைவு அவ்வாறு காத்திராது. இவ்விடுமுறையில் ஊருக்குச் செல்வோர் ஒரு குறிப்பேட்டை எடுத்துச் சென்று, பெரியவர்கள் அருகில் அமர்ந்து, அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுதிக்கொள்வார்களாக. அக்குறிப்பேடு நிறைந்தபின், எந்தத் தளத்துக்குப் பணம் கட்டுவது, கட்டத்தான் வேண்டுமா என்பது தானே விளங்கும்.