இரைச்சல் குறைவா? மின்பசி குறைவா?

(“பொருள் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது தரமா, பொருத்தமா?” என்ற தொலைக்காட்சிப் பட்டிமன்றத்தில், “பொருத்தமே” என்ற அணியில் காப்பாரைச் சேர்ந்த கருவி பழுதுபார்ப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



எனக்கு முன்னால் பேசிய சகோதரி புடவையைச் சொன்னார். அவருக்கு முன்னால் பேசிய ஐயா காரைச் சொன்னார். எனக்கு இரண்டும் தெரியாது. என் கைக்குத் தெரிந்தது ஒரு சின்ன ஐசி. அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரியது. பெயர் ஓப் ஆம்ப். கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத அளவுக்குச் சிறிய மின் சமிக்ஞையை வாங்கி, நாம் படிக்கிற அளவுக்குப் பெரிதாக்கிக் கொடுப்பது அதன் வேலை.

இது ஏதோ அமெரிக்காக்காரன் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 1972லேயே கோலாலம்பூரில், அம்பாங் பக்கத்தில், ஐசி தொழிற்சாலை தொடங்கியது. நேஷனல் செமிகண்டக்டர் மலாக்காவில் ஆலை வைத்தது. 2011இல் அந்த நிறுவனத்தையே டெக்சாஸ் வாங்கிக்கொண்டது. பழைய ரேடியோவைத் திறந்து ஐசியின் முதுகைப் பாருங்கள், “மலேசியா” என்று அச்சடித்திருப்பதைப் பல தடவை காண்பீர்கள். நம் வீட்டுப் பெண்கள் பஸ் ஏறிப் போய் வேலை செய்த தொழில் இது. ஆகவே இதைப் பற்றிப் பேச நமக்கு உரிமை உண்டு!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் இருப்பது காப்பாரில். ஒரு பக்கம் மின்நிலையத்தின் புகைபோக்கிகள், இன்னொரு பக்கம் மேரு வரைக்கும் தொழிற்சாலைகள், இடையில் செம்பனை. இந்த மாதிரி இடங்களில் தொட்டி இருக்கும், கழிவுநீர்க் குழி இருக்கும், கொதிகலன் இருக்கும். அவற்றைச் சுத்தம் செய்ய மனிதன் உள்ளே இறங்க வேண்டும். இறங்குகிறவர் இடுப்பில் ஒரு கருவி தொங்கும். வாயு கண்டறியும் கருவி. விஷவாயு அளவு மீறினால் கத்தும்.

ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். “நாற்றம் வந்தால் ஏறிவிடலாமே!” என்பார்கள். அங்கேதான் எமன் ஒளிந்திருக்கிறான். காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 100 பங்கு, அதாவது 100 பிபிஎம் அளவுக்குப் போனால் அந்த வாயு நம் மூக்கின் மோப்ப சக்தியையே மழுங்கடித்துவிடும். நாற்றம் போய்விட்டது, நல்ல காற்று வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே மனிதன் விழுவான். கார்பன் மோனாக்சைடுக்கு நாற்றமே கிடையாது. நம் நாட்டில் 2010இல் வந்த அடைபட்ட இடங்களுக்கான பாதுகாப்பு விதித்தொகுப்பு, ஹைட்ரஜன் சல்பைடு 10 பிபிஎம்முக்குள், கார்பன் மோனாக்சைடு 25 பிபிஎம்முக்குள், ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. மூக்கை நம்பாதே, கருவியை நம்பு என்பதுதான் அதன் பொருள்.

அந்தக் கருவிக்குள் என்ன இருக்கிறது? ஒரு மின்வேதி சென்சார். வாயு பட்டால் கொஞ்சம் மின்னோட்டம் தரும். எவ்வளவு கொஞ்சம்? கார்பன் மோனாக்சைடு சென்சார் ஒன்று, ஒரு பிபிஎம்முக்கு 70 நானோ ஆம்பியரை ஒட்டித் தரும். ஒரு ஆம்பியரை நூறு கோடி பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு நானோ ஆம்பியர். அதில் 70 பங்கு! அதைப் படிக்கத்தான் ஓப் ஆம்ப் வேண்டும்.

இப்போது எதிரணி நண்பரைக் கடைக்கு அனுப்புகிறேன். புடு பக்கம் ஜாலான் பாசாருக்குப் போகிறார். “அண்ணே, இருக்கிறதிலேயே இரைச்சல் குறைஞ்ச ஓப் ஆம்ப் கொடுங்க” என்கிறார். இங்கே இரைச்சல் என்றால் காது இரைச்சல் அல்ல; சமிக்ஞையோடு கலந்துவிடும் மின் நடுக்கம். கடைக்காரர் 5532 என்ற ஐசியை எடுத்துத் தருகிறார். தப்பில்லை, புகழ் பெற்ற ஐசி. டேட்டா ஷீட்டில் இரைச்சல் எண் 5 நானோவோல்ட். பாட்டுக் கச்சேரிக்கு வரும் மிக்சரைத் திறந்தால் வரிசையாக இது உட்கார்ந்திருக்கும். அங்கே அதுதான் சரி. அதை நான் மறுக்கவில்லை. மைக் சிறிய மின்தடை உள்ள பொருள், மின்சாரமோ சுவரிலிருந்து வருகிறது.

ஆனால் நம் தொழிலாளியின் இடுப்பில்?

முதல் சிக்கல், அதன் பசி. இரண்டு பெருக்கிகள் உள்ள அந்த ஐசி சும்மா இருக்கும்போதே 8 மில்லி ஆம்பியர் சாப்பிடுகிறது. 9 வோல்ட் பேட்டரியில் சுமார் 500 மில்லி ஆம்பியர்-மணி இருக்கும். வகுத்துப் பாருங்கள், 62 மணி நேரம். மூன்று நாள்கூட இல்லை! அதுவும் டேட்டா ஷீட் கேட்பது மொத்தம் 10 வோல்ட். இரண்டு சின்ன பேட்டரியின் 3 வோல்ட்டில் அது கண்ணையே திறக்காது. அணைத்து வைத்து மிச்சம் பிடிக்கலாமே என்றால், இந்த சென்சாரின் மின்முனைகளை எப்போதும் நிலையான அழுத்தத்தில் பிடித்து வைத்திருக்க வேண்டும். விட்டுவிட்டால் மறுபடி நிலைக்கு வர நேரம் எடுக்கும். சில வகைகளுக்கு மணிக்கணக்கில். காலையில் தொட்டி வாசலில் நின்றுகொண்டு மணிக்கணக்கில் யார் காத்திருப்பார்? பேட்டரி செத்த கருவியை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு மனிதன் இறங்கிவிடுவான். அதுதான் நடக்கும்.

இரண்டாவது சிக்கல் இன்னும் மோசம். 5532 தன் உள்ளீட்டு வாயிலில் தனக்கென்று சுமார் 200 நானோ ஆம்பியர் உறிஞ்சிக்கொள்ளும். சென்சார் கொடுப்பதோ பிபிஎம்முக்கு 70. ஆக, காற்று சுத்தமாக இருக்கும்போதே கணக்கில் 3 பிபிஎம் தவறு! வரம்பு 25 தான் என்பதை மறந்துவிடாதீர்கள். “தொடக்கத்திலேயே பூஜ்ஜியம் செய்து கழித்துவிடலாமே” என்று எதிரணியில் ஒருவர் தலையாட்டுகிறார். கழிக்கலாம் ஐயா, ஆனால் அந்த உறிஞ்சல் வெப்பத்தோடு மாறும். வெளியே நண்பகல் வெயில், உள்ளே தொட்டியின் வெப்பம். எதைக் கழிப்பீர்கள்?

இப்போது என் அணியின் ஐசி. இந்த வேலைக்கென்றே பரிந்துரைக்கப்படும் ஒன்று அனலாக் டிவைசஸின் ஏடிஏ 4505. ஒரு பெருக்கிக்கு 10 மைக்ரோ ஆம்பியர்தான். உள்ளீட்டில் உறிஞ்சுவது இரண்டு பிக்கோ ஆம்பியருக்குள்; நானோவில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் பிக்கோ. 1.8 வோல்ட் வரைக்கும் வேலை செய்யும். அதாவது இரண்டு பேட்டரியும் ஆளுக்கு 0.9 வோல்ட்டாகத் தேயும்வரை. ஆனால் இரைச்சல் எண்? 65! ஐந்தோடு ஒப்பிட்டால் 13 மடங்கு மோசம். எதிரணிக்கு இப்போது சிரிப்பு வருகிறது.

சிரிப்பதற்கு முன் ஒரு கணக்கு. சென்சாரின் மின்னோட்டத்தை 10,000 ஓம் தடையில் வோல்ட்டாக மாற்றுகிறோம் என்று வையுங்கள். ஒரு பிபிஎம்முக்கு 0.7 மில்லிவோல்ட் வரும். மெதுவாக ஆடும் இரைச்சல்தான் இங்கே முக்கியம். ஏனென்றால் வாயு அளவு நொடிக்கு ஆயிரம் தடவை மாறாது, இந்த சென்சாரே பதில் சொல்ல அரை நிமிடம் வரைக்கும் எடுத்துக்கொள்ளும். அந்த மெதுவான ஆட்டம் இந்த ஐசியில் சுமார் 3 மைக்ரோவோல்ட். ஒரு பிபிஎம்மில் இருநூறில் ஒரு பங்குக்கும் குறைவு. திரையில் தெரியவே தெரியாது! மோசம் என்று சொன்ன அந்த எண் இந்த வேலைக்கு ஒரு பொருட்டே இல்லை.

இரைச்சலும் பசியும் ஏன் எதிரெதிராக நிற்கின்றன என்று ஒரு வார்த்தை. ஓப் ஆம்பின் வாசலில் இருக்கும் டிரான்சிஸ்டருக்கு அதிக மின்னோட்டம் கொடுத்தால் அதன் இரைச்சல் குறையும். ஆனால் பாதியாகக் குறைக்க நான்கு மடங்கு கொடுக்க வேண்டும். இயற்கை வைத்த விலை அது, பேரம் பேச முடியாது. இன்னொன்று, தடைகளுக்கும் சொந்த இரைச்சல் உண்டு. 1,000 ஓம் தடைக்கு 4 நானோவோல்ட், ஒரு லட்சம் ஓமுக்கு 40. சுற்றில் ஒரு லட்சம் ஓமை வைத்துக்கொண்டு 5 நானோவோல்ட் ஐசிக்குக் காசு கொடுப்பது, சந்தைக்கடை நடுவில் நின்று ரகசியம் பேசுவது போல.

உடனே எங்கள் அணியிலேயே ஒரு தம்பி கேட்டார், “அப்படின்னா அண்ணே, பசியே இல்லாத ஐசியை எடுத்துட்டா?” எம்சிபி 6041 என்று ஒன்று இருக்கிறது, 0.6 மைக்ரோ ஆம்பியர். கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் இரைச்சல் 170, வேகமும் குறைவு. இதைவிட முக்கியம், அதனால் மிச்சமாவது 20 மைக்ரோ ஆம்பியர்கூட இல்லை. ஏடிஏ 4505 ஐசியே, ஆயிரம் மில்லி ஆம்பியர்-மணி உள்ள இரண்டு சின்ன பேட்டரியில், தன் பங்குக்கு மட்டும் என்றால் ஐந்து ஆண்டு ஓடும். பேட்டரியைக் காலி செய்வது திரையும், கணக்குப் போடும் சில்லும், அலறும் பஸ்ஸரும். வாளியில் ஓட்டையை விட்டுவிட்டு மூடியை இறுக்குவானேன் தம்பி?

ஆகவே ஜாலான் பாசார் கடைக்காரரிடம் நான் “எது பெஸ்ட்” என்று கேட்பதில்லை. சென்சார் எவ்வளவு மின்னோட்டம் தரும், பேட்டரி எத்தனை வோல்ட்டில் சாகும், மாற்றுவதற்கு யார் எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை வருவார் என்று அவரிடம் சொல்லுவேன். மூன்றாவதைச் சொல்லும்போது அவர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார். பரவாயில்லை. தொட்டிக்குள் இறங்குகிறவருக்கு அந்த மூன்றாவதுதான் முக்கியம்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார்.