பழைய காரின் ஆர்ம்ரெஸ்ட்: வண்டியை விற்கும் முன் ஒருமுறை அளந்து பாருங்கள்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் பார்க்கிங்கில் பத்து வயதைத் தாண்டிய கார்கள் நிறைய நிற்கின்றன. எஞ்சின் நன்றாக ஓடும், ஏசி குளிரும். ஆனால் கதவில் உள்ள ஆர்ம்ரெஸ்ட் உடைந்து ஆடிக்கொண்டிருக்கும். சர்வீஸ் சென்டரில் கேட்டால், "இந்த மாடலுக்கு பார்ட் வர்றதில்லை சார்" என்பார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் பிளாஸ்டிக் மோல்டிங் யூனிட்டில் 26 ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால், இதைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள்.

இதை வெறும் அழகு விஷயமாக நினைக்காதீர்கள். முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்ட நம் பெரியவர்கள் காரிலிருந்து இறங்கும்போது எதைப் பிடிக்கிறார்கள் என்று கவனியுங்கள். பெரும்பாலும் கதவின் ஆர்ம்ரெஸ்டைத்தான். அது கையோடு வந்துவிட்டால் கீழே விழுவது அவர்கள்தான்.

ஏன் கிடைப்பதில்லை?

பிரேக் ஷூ, கிளட்ச், ஃபில்டர் எல்லாம் தேய்பவை. கார் நின்றுபோன பிறகும் வெளிக் கம்பெனிகள் அவற்றைச் செய்து விற்கும். ஆர்ம்ரெஸ்ட் அப்படி இல்லை. ஒவ்வொரு மாடலுக்கும் வேறு வடிவம், ஒவ்வொரு வேரியன்டுக்கும் வேறு நிறம். அதற்கென்று தனி மோல்டு வேண்டும். ஒரு மோல்டு செய்யவே லட்சக்கணக்கில் ஆகும். பத்துப் பேர் கேட்பதற்காக யாரும் அதைச் செய்ய மாட்டார்கள்.

நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. திருவள்ளூரில் 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் தயாரானது. மறைமலை நகரில் ஃபோர்டு 1999இல் ஐகானைக் கொண்டுவந்தது. 2022இல் அங்கே உற்பத்தியே நின்றது. மாருதி 800 உற்பத்தி 2014இல் முடிந்தது. இந்த வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. சொந்தக் காரின் ஆர்.சி.யை 15 ஆண்டு முடிந்த பிறகும் ஆய்வுக்குக் காட்டி 5 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கலாம். வண்டி நல்ல நிலையில் இருந்தால் ஓர் ஆர்ம்ரெஸ்டுக்காக அதைக் கைவிட வேண்டியதில்லை.

முதலில் பழையதைக் கழற்றிப் பாருங்கள்

பெரும்பாலும் முழு ஆர்ம்ரெஸ்டும் உடைந்திருக்காது. பின்பக்கம் ஸ்க்ரூ ஏறும் சின்னக் குழல் மட்டும் விரிசல் விட்டிருக்கும். அங்கேயே பிளாஸ்டிக்கின் வகையை எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். 'ஏபிஎஸ்' என்றால் அசிட்டோனில் கரையும். அதே வகை பிளாஸ்டிக் துண்டுகளை அசிட்டோனில் கரைத்துப் பசையாக்கி விரிசலில் நிரப்பலாம். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்புப் பக்கம் வேண்டாம், ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். 'பிபி' என்று இருந்தால் எந்தப் பசையும் சரியாக ஒட்டாது. பம்பர் ஒட்டும் கடையில் சூடாக்கி வெல்டு செய்யச் சொல்லுங்கள்.

பார்ட் நம்பரும் அங்கேயே இருக்கும். போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பார்ட் வாங்குவதானால்

எழும்பூர் பக்கம் புதுப்பேட்டை இருக்கிறது. பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடைகள் அங்கே வரிசையாக உண்டு. மாடல் பெயரை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். உடைந்த பார்ட்டைக் கையில் எடுத்துப் போய் ஸ்க்ரூ துளையோடு துளை வைத்துப் பாருங்கள். இடது கதவுக்கும் வலது கதவுக்கும் மாறும். பவர் விண்டோ சுவிட்ச் உள்ளதற்கும் இல்லாததற்கும் மாறும். நிறம் பொருந்தாவிட்டால் கவலை வேண்டாம், மேலே ரெக்ஸின் போட்டுக்கொள்ளலாம். பில் மட்டும் கேட்டு வாங்குங்கள்.

புதிதாகச் செய்வதானால்

முன் சீட்டுகளுக்கு நடுவில் வைக்கும் ஆர்ம்ரெஸ்டுக்கு இதுதான் நல்ல வழி. எந்தக் காருக்கும் பொருந்தும் என்று விற்கும் பெட்டிகள் பல நேரம் எதற்குமே சரியாகப் பொருந்துவதில்லை.

கூரியர் அட்டைப்பெட்டி ஒன்றை வெட்டி முதலில் மாதிரி செய்யுங்கள். நீங்கள் வழக்கமாக ஓட்டும் நிலையில் சீட்டை வைத்து, தோளைத் தளர்த்தி உட்கார்ந்து, முழங்கையை மடக்குங்கள். சீட்டிலிருந்து முழங்கை வரை உள்ள உயரமே உங்கள் அளவு. அதைவிட உயரமாக வைத்தால் தோள் வலிக்கும்.

அந்த மாதிரியைக் குஷன் கடைக்குக் கொண்டுபோங்கள். அடிப்பலகைக்கு மரைன் பிளைவுட் கேளுங்கள். எம்டிஎஃப் பலகை நம் ஊர் ஈரக் காற்றில் உப்பிவிடும், ஸ்க்ரூவும் பிடிக்காது. ஃபோம் கெட்டியாக இருக்கட்டும். மெத்தென்று இருப்பது சீக்கிரம் அமுங்கிப் போகும். ஓரங்கள் எல்லாம் உருண்டையாக இருக்க வேண்டும். சடன் பிரேக் போட்டால் இடிப்பது அந்த ஓரம்தான்.

கல்லூரிப் பிள்ளைகள் 3டி பிரிண்டரில் செய்து தருகிறேன் என்பார்கள். செய்யட்டும். ஆனால் பிஎல்ஏ பிளாஸ்டிக் வேண்டாம். அது 60 டிகிரிக்கே இளகும். மே மாத வெயிலில் மூடி நிற்கும் காருக்குள் வளைந்துவிடும். ஏபிஎஸ் அல்லது ஏஎஸ்ஏ கேளுங்கள்.

காசு கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

ஒன்று, ஹேண்ட் பிரேக். முழுதாக மேலே இழுத்துப் பாருங்கள். கை எங்கும் இடிக்கக் கூடாது. பாலத்தின் ஏற்றத்தில் நிற்கும்போது அரைகுறையாக இழுத்த பிரேக் பிடிக்காது.

இரண்டு, சீட் பெல்ட். ஒரே கையால், பார்க்காமலே மாட்டவும் கழற்றவும் முடிய வேண்டும்.

மூன்று, கியர். இரண்டாவதும் நான்காவதும் பின்னால் இழுக்கும் கியர்கள். முழங்கை ஆர்ம்ரெஸ்டில் முட்டினால் அது நீளம் அதிகம் என்று பொருள்.

நான்கு, ஸ்க்ரூ. நடுத்தளத்தில் டிரில் போட விடாதீர்கள். ஹேண்ட் பிரேக் கேபிளும் வயரிங்கும் அந்த வழியாகத்தான் போகும். ஏற்கெனவே உள்ள போல்ட்டுகளிலேயே பிராக்கெட் மாட்டச் சொல்லுங்கள். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக், சீட் பெல்ட் சம்பந்தப்பட்டது. அதில் யாரும் கை வைக்க வேண்டாம்.

ஐந்து, கதவு. கதவு ஆர்ம்ரெஸ்டின் போல்ட் உள்ளே இருக்கும் இரும்பில் பிடிக்க வேண்டும். டோர் பேடில் மட்டும் ஸ்க்ரூ போட்டு விட்டால் பார்க்க நன்றாக இருக்கும், பாரம் தாங்காது. வேலை முடிந்ததும் கடைக்காரர் முன்னாலேயே நன்றாக இழுத்துப் பாருங்கள். டோர் பேடுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருக்கும். அதைக் கிழித்துப் போட்டுவிட்டால் அடுத்த ஐப்பசி மழையில் கால் வைக்கும் இடம் நனையும். திரும்ப ஒட்டச் சொல்லுங்கள்.

பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு இன்னொரு வார்த்தை. நடு ஆர்ம்ரெஸ்ட் கையை வைக்க மட்டும்தான். அதை ஊன்றி எழக் கூடாது. அதன் கீல் அந்தப் பாரத்துக்குச் செய்யப்பட்டதல்ல. எழுவதற்கு, கதவுக்கு மேலே கூரையில் உள்ள கைப்பிடியைப் பிடிக்கப் பழக்குங்கள். இல்லாத காரில் அவர்கள் உட்காரும் பக்கத்துக் கதவை முதலில் சரிசெய்யுங்கள்.

கழித்துப் போட்ட ரெக்ஸினையும் ஃபோமையும் வளாகத்தின் பின்பக்கம் எரிக்காதீர்கள். அந்தப் புகை நச்சு. கடைக்காரரிடமே விட்டுவிடுங்கள்.

ஆவடியில் டாங்கி செய்கிறார்கள், பாடியில் பிரேக்கும் சக்கரமும் செய்கிறார்கள், அம்பத்தூரில் 1964இலிருந்து எஸ்டேட் நடக்கிறது. இந்த வட்டாரத்தில் ஒரு கைத்திண்டு செய்ய ஆள் கிடைக்காதா? கிடைப்பார்கள். சரியான அளவோடு போனால் போதும்.

வரும் ஞாயிறு காலை 8 மணிக்கு டேப்போடும் அட்டையோடும் பார்க்கிங்கில் இருப்பேன். வேண்டியவர்கள் காரைத் திறந்து வையுங்கள், சேர்ந்து அளக்கலாம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் அழைத்து வாருங்கள். அவர்கள் கைக்கு எட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அளவைக் குறிக்க வேண்டும்.